நீரின் கணக்கும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கூட்டத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், வேதிப்பொறியியல் பயிலும் மாணவ மாணவியரிடையே ஆற்றிய உரை)

 

பொறியியல் பயிலும் மாணவர்களுக்குப் பாய்ம இயக்கவியல் பற்றிப் பேச ஒரு தலைமையாசிரியரை அழைத்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் படித்தது வரலாறு. பெற்ற பட்டங்கள் பி.ஏ., பி.எட். கணக்குப் பாடத்தோடு நமக்கு இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துபோனது. அப்படியிருந்தும் இந்தப் பாடத்தின் நூலை நாம் முதலிலிருந்து முடிவுவரை படிக்க நேர்ந்தது. அதற்குக் காரணமானவர் நம் பழைய மாணவர் ஒருவர். இன்று இந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆதலின் சொல்லவில்லை.

அவர் வேதிப்பொறியியலில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் பருவத் தேர்வில் பாய்ம இயக்கவியல் தாளில் தோல்வியுற்றதாகச் சொன்னார். "ஐயா, அந்தப் பாடம் நமக்கு ஆகாதுங்க. படிப்பை விட்டுவிட்டு ஓசூரிலே ஏதாவது கம்பெனியிலே ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்துவிடுகிறேன்" என்றார். 'எனக்கு ஆகாது' என்று அவர் சொல்லவில்லை. 'நமக்கு ஆகாது' என்றார். அந்த ஒரு சொல் நம்மைத் தூங்கவிடவில்லை. யாருக்கு? அவர் வீட்டிற்கா, தெருவிற்கா, நம் மக்கள் அனைவருக்குமா? மறுவாரமே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருமாறு பணித்தோம். தெரியாத ஆசிரியரும் தோற்ற மாணவரும் சேர்ந்து, சங்கத்தின் விடுதி அறையில் விளக்கு வைத்துப் படிக்கத் தொடங்கினோம். இன்று நாம் சொல்லப்போவது, அந்த இரண்டு மாதங்களில் நாம் கற்றுக்கொண்டவையே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறோம். நம் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். நான்காவது மொழியில் வந்து சேரும் பாடம் முதல் பார்வையில் பகையாகத்தான் தோன்றும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2021இல் வந்தபின், பொறியியல் கல்லூரி வாயிலில் நுழையும் நம் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். வாயில் திறந்துவிட்டது, உள்ளே இருக்கும் படிகளைத்தான் ஏற வேண்டும். அந்தப் படிகளுள் உயரமானது இந்தத் தாள். ஆனால் மொழியின் உறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், உள்ளே இருப்பவை நாம் பிறந்தது முதல் பார்த்துப் பழகிய பொருள்களே.

பாய்மம் என்பது யாது? சிறிதளவு தள்ளினாலும் ஓடத் தொடங்குவது, வைத்த கலத்தின் வடிவத்தை ஏற்பது. நீர் பாய்மம், எண்ணெய் பாய்மம், காற்றும் ஆவியும் பாய்மமே. அடுப்பில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் தாய்மார்களுக்கு இந்தப் பாடத்தின் முதல் அதிகாரம் தெரியும். கூழ் நீர்க்க இருந்தால் துடுப்பு எளிதில் சுழலும். இறுகி வந்தால் கை வலிக்கும். ஓடுவதற்குப் பாய்மம் காட்டும் இந்த உள்ளெதிர்ப்பே பாகுநிலை எனப்படுகிறது. நீருக்கு அது குறைவு. ஆமணக்கெண்ணெய்க்கு நீரைப்போல் பல நூறு மடங்கு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ்த் தொழிற்சாலைகளை நீங்கள் அறிவீர்கள். பெங்களூரா மாம்பழங்களைச் சுமந்த வண்டிகள் பருவகாலத்தில் அங்கே வரிசையாக நிற்கும். அந்த மாங்கூழ் நீரைப் போன்ற பாய்மம் அன்று. அசையாது கிடக்கும்போது கெட்டியாக இருக்கும். வேகமாகக் கலக்கினால் இளகி ஓடும். நியூட்டன் வகுத்த எளிய விதிக்கு அடங்காத பாய்மம் அது. அதனை அனுப்ப நீருக்குரிய பம்பை வைத்தால் பல வேளைகளில் தடுமாறும். தள்ளித் தள்ளி அனுப்பும் வேறு வகைப் பம்பு தேவை. புத்தகத்தில் 'நியூட்டன் விதிக்கு உட்படாப் பாய்மங்கள்' என்ற தலைப்பைக் கண்டு அஞ்சிய நம் மாணவர், தம் அன்னையார் பத்துப் பருவங்கள் கூலி வேலை பார்த்த தொழிற்சாலையின் மாங்கூழ்தான் அது என்று அறிந்தபோது சிரித்துவிட்டார். அச்சம் அன்றே பாதி கழிந்தது.

இரண்டாவது, அழுத்தம். அசையாது நிற்கும் நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. குளத்தின் அகலத்தைப் பொறுத்ததன்று. பத்து மீட்டர் ஆழமுள்ள சிறு கிணற்றின் அடியிலும், பத்து மீட்டர் ஆழமுள்ள பேரேரியின் அடியிலும் நீரின் அழுத்தம் ஒன்றே. காமராசர் முதலமைச்சராக இருந்த 1950களில் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த கிருஷ்ணகிரி அணையை நினைத்துப் பாருங்கள். மதகுப் பலகையின் ஒரு மீட்டர் அகலத்தை எடுத்துக்கொண்டால், மூன்று மீட்டர் ஆழ நீர் அதன்மேல் சுமத்தும் விசை நாலரை டன் எடைக்குச் சமம். ஆழம் இரட்டித்து ஆறு மீட்டரானால் விசை ஒன்பது டன் ஆவதில்லை. பதினெட்டு டன் ஆகிறது. ஆழம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 2017 நவம்பரில் அந்த அணையின் மதகு ஒன்று உடைந்து நீர் வீணாய்ப் பாய்ந்ததை நம் மாவட்டமே கண்டது. துருவேறிய இரும்பை நீர் மன்னிப்பதில்லை. மதகின் தடிமனைக் கணக்கிடும் பொறியாளரும், ஆண்டுதோறும் அதனைச் சோதிக்கும் பொறியாளரும் இந்த ஓர் அதிகாரத்தைக் கொண்டே ஊரைக் காக்கிறார்கள்.

மூன்றாவது, நம் ஓசூருக்கே உரிய ஒரு செய்தி. பம்பு நீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் பம்பு செய்வது குழாயினுள் அழுத்தத்தைக் குறைப்பதுதான்; வெளியே உள்ள காற்று மண்டலமே நீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. காற்றின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு உயரமே நீர் ஏறும். கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர் என்று புத்தகம் சொல்லும். ஆனால் ஓசூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிது. கணக்கிட்டுப் பார்த்தால் 9.3 மீட்டருக்கு மேல் எந்தப் பம்பாலும் நீரை உறிஞ்ச இயலாது. குழாயின் உராய்வையும் நீராவியின் அழுத்தத்தையும் கழித்தால் நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டருக்குள் நின்றுவிடும். சூடான நீரானால் இன்னும் குறையும். எல்லை கடந்து உறிஞ்ச முயன்றால் பம்பினுள்ளேயே நீர் கொதித்துக் குமிழிகள் தோன்றும். அவை வெடித்து, பம்பின் இலைகளைக் கூழாங்கற்களால் அடித்தாற்போல் அரித்துவிடும். பொறியாளர் இதனைக் கேவிடேஷன் என்பர். சென்னையில் நன்றாக ஓடிய பம்பு, ஓசூரில் கடகடவென்று ஓசையிட்டால் அதற்குக் காரணம் பேயன்று. இந்த ஒரு மீட்டர் வேறுபாடாக இருக்கக்கூடும். புத்தகத்தின் எண்ணை மனப்பாடம் செய்தவர் இங்கே தோற்பார். எண் எப்படி வந்தது என்று அறிந்தவர் வெல்வார்.

நான்காவது, ஓடும் நீரின் கணக்கு. குழாயில் ஒரு முனையில் நுழையும் நீர் முழுவதும் மறுமுனையில் வெளியேறியாக வேண்டும். ஆதலின் குழாயின் விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிறது. வேகம் நான்கு மடங்காகிறது. வாயில் பிடித்த தோட்டக் குழாயை விரலால் நெருக்கிய குழந்தைக்கும் இது தெரியும். 1738இல் தானியேல் பெர்னூலி வெளியிட்ட நூல் இதற்கு அடுத்த படியைச் சொன்னது. ஓடும் நீரிடம் மூன்று வகைச் செல்வம் உண்டு: உயரத்தால் ஒன்று, அழுத்தத்தால் ஒன்று, வேகத்தால் ஒன்று. உராய்வு இல்லையெனில் மூன்றின் கூட்டுத்தொகை மாறாது. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். குடும்ப வரவு செலவு எழுதத் தெரிந்தவருக்குப் பெர்னூலி சமன்பாடு புதிதன்று. உராய்வு என்பது அந்தக் குடும்பம் கட்டும் வட்டி, கொடுத்தது திரும்பாது. பம்பு என்பது வெளியிலிருந்து வரும் வருவாய்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பற்களில் கறையும் எலும்பில் கோணலும் உண்டாக்கி வந்ததை நம் பள்ளிப் பிள்ளைகளின் சிரிப்பிலேயே நாம் கண்டிருக்கிறோம். அதற்குத் தீர்வாக, சப்பானியக் கடனுதவியுடன், 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013இல் தொடங்கிவைக்கப்பெற்றது அத்திட்டம். காவிரி ஒகேனக்கல்லில் ஏறத்தாழ 250 மீட்டர் மட்டத்தில் ஓடுகிறது. ஓசூர் இருப்பதோ 900 மீட்டரை ஒட்டி. 600 மீட்டருக்கு மேல் நீர் மலையேற வேண்டும். ஆயிரம் லிட்டர் நீரை 600 மீட்டர் உயர்த்த எவ்வளவு மின்சாரம் வேண்டும்? எடையை உயரத்தால் பெருக்குங்கள், 1.6 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். பம்பும் மோட்டாரும் நூற்றுக்கு எழுபது பங்கு திறன் உடையவை என்றால் 2.3 யூனிட். உராய்வு தனி. இந்தக் கணக்கைச் செய்த அன்று நம் மாணவர், "ஐயா, குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவனைக் கண்டால் இனிமேல் கோபம் வருமே" என்றார். பாடம் அறிவாகி, அறிவு பொறுப்பாகும் இடம் அது.

ஐந்தாவது, ரெனால்ட்ஸ் எண். 1883இல் மான்செஸ்டரில் ஆசுபர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயக்கோடு ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். மெல்ல ஓடியபோது சாயம் ஒரே கோடாகச் சென்றது. வேகம் கூடியபோது கலைந்து கலந்தது. முன்னது வரிச்சீர் ஓட்டம். பின்னது சுழற்சி ஓட்டம். அடர்த்தி, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வரும் எண் 2100க்குக் கீழிருந்தால் முன்னது. 4000க்கு மேலானால் பெரும்பாலும் பின்னது. 25 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீர் சென்றால் அந்த எண் ஏறத்தாழ 25,000. அதே குழாயில் அதே வேகத்தில் ஆமணக்கெண்ணெய் சென்றால் 50க்கும் கீழே. குழாய் ஒன்று, வேகம் ஒன்று. ஓட்டத்தின் இயல்போ வேறு. தொழிற்சாலையில் எந்தக் குழாயையும் தொடுமுன் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி இது.

இனி, நம் தெருவுக்கு வருவோம். ஆதிதிராவிடர் குடியிருப்பு பெரும்பாலும் ஊரின் கோடியில் இருக்கும். மேல்நிலைத் தொட்டி ஊர் நடுவே இருக்கும். தொட்டியிலிருந்து புறப்படும் குழாய் நான்கு அங்குலம். நம் குடியிருப்பை நெருங்கும்போது இரண்டு அங்குலம் ஆகியிருக்கும். நம் மாணவரின் குடியிருப்பில் குழாயடியில் நீர் வடிந்ததேயன்றிப் பாய்ந்ததில்லை. கேட்டபோதெல்லாம், "உங்கள் பக்கம் மேடு; தண்ணீர் ஏறாது" என்ற விடையே கிடைத்தது. பல்லாண்டுகள் அதனை நம்பியிருந்தோம். சுழற்சி ஓட்டத்தில், ஒரே அளவு நீரை அனுப்பும்போது, உராய்வால் வரும் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏறத்தாழத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்று அந்த விடுதி அறையில் படித்த இரவு, மாணவர் திடீரென்று தாளை எடுத்தார். நான்கு அங்குலத்தை இரண்டாக்கினால் இரண்டின் ஐந்தாம் படி: முப்பத்திரண்டு. மீட்டர் ஒன்றுக்கு முப்பத்திரண்டு மடங்கு இழப்பு!

அடுத்த விடுமுறையில் அவர் ஒளிபுகும் நெகிழிக் குழாயில் நீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்க்கும் முறையில், தொட்டியடியிலிருந்து தம் தெருவரை மட்டம் எடுத்தார். மேடு இருந்தது உண்மை. ஆனால் ஒன்றரை மீட்டரே. தொட்டியின் உயரத்திற்கு அஃது ஒரு பொருட்டன்று. நீரைத் தடுத்தது மேடன்று, மெலிந்த குழாய். படமும் கணக்கும் இணைத்து இரண்டு பக்க மனு எழுதினோம். அதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை, கெஞ்சலும் இல்லை, எண்கள் மட்டுமே இருந்தன. மனுவைப் படித்த இளநிலைப் பொறியாளர் நேரில் வந்து பார்த்தார். எட்டு மாதங்கள் கழித்துக் குழாய் மாற்றப்பட்டது. அதற்கு முன் நாம் கொடுத்த மனுக்கள் எத்தனையோ; ஆனால் 'உங்கள் கணக்கு சரி' என்று ஓர் அலுவலகம் நமக்குச் சொன்னது அதுவே முதல் முறை.

மாணவர்களே, இதுவரை சொன்னவை மகிழ்ச்சியான செய்திகள். இனிச் சொல்லப்போவதை நெஞ்சு கனக்கச் சொல்கிறோம்.

கழிவுநீர்க் குழாய்க்கும் இந்தப் பாடத்தில் இடம் உண்டு. கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திற்குக் குறையாமல் நாள்தோறும் ஒரு முறையேனும் ஓட வேண்டும். அப்போதுதான் மண்ணும் கசடும் படியாமல் அடித்துச் செல்லப்படும். அதற்கேற்ற சரிவைக் கணக்கிட்டுக் குழாயைப் பதிக்க வேண்டும். சரிவு குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கசடு படியும், படிந்தால் அடைக்கும். அடைத்தால் என்ன செய்வார்கள்? ஓர் ஆளை இறக்குவார்கள். எந்தத் தெருவிலிருந்து அந்த ஆள் அழைக்கப்படுவார் என்பதை இந்தச் சபையில் நாம் சொல்ல வேண்டியதில்லை. வரைபடத்தில் ஒருவர் செய்யாமல் விட்ட கணக்கை, மண்ணுக்கடியில் இன்னொருவர் தம் உடம்பால் செய்து முடிக்கிறார்.

நம் பள்ளியில் படித்த மாணவி ஒருவரின் தந்தையார் ஒரு கழிவுத் தொட்டியில் இறங்கி உயிரிழந்தார். அவரைத் தூக்கக் குதித்த உறவினரும் மீளவில்லை. அது யாருடைய தொட்டி என்பது இங்கே பேச்சன்று. அந்தத் தொட்டியில் அன்று என்ன இருந்தது என்பதே பேச்சு. ஆவியும் பாய்மமே என்று தொடக்கத்தில் சொன்னோம். தேங்கிய கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைடு காற்றைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு கனமானது. கார்பன் டை ஆக்சைடு ஒன்றரை மடங்கு கனமானது. கனமான பாய்மம் பள்ளத்தில் தேங்கும். மேலே திறந்திருந்தாலும் தொட்டியின் அடியில் அவை குளம்போல் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளத்தில் மனிதர் மூழ்கிப்போகிறார். 'நாற்றம் அடித்தால் ஏறிவிடலாம்' என்பதும் பொய்யான துணிவு. காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஐதரசன் சல்பைடு சேர்ந்தால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் மறைந்துவிடும். அளவு சில நூறுகளைத் தாண்டினால் உயிருக்கே இறுதி. ஆயிரத்தை எட்டினால் இரண்டு மூன்று மூச்சிலேயே நினைவு தப்பும். இரண்டாமவர் குதித்ததும் அதனால்தான். முதலாமவர் வழுக்கி விழுந்தார் என்றே அவர் எண்ணியிருப்பார்.

அந்த மாணவி இன்று வேதிப்பொறியியல் பயில்கிறார். அவரே விரும்பிக் கேட்ட பாடம் அது. சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது, குறிப்பேட்டில் ஒரு கணக்கைச் செய்து காட்டினார். தொட்டி மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம். பன்னிரண்டு கன மீட்டர். நிமிடத்திற்குப் பத்து கன மீட்டர் காற்றுச் செலுத்தும் ஊதுவிசிறி ஒன்றை அடிவரை குழாய் விட்டு வைத்தால், தொட்டியின் கொள்ளளவைப்போல் ஐந்து மடங்கு காற்று உள்ளே செல்ல ஆறு நிமிடம் ஆகும். நன்றாகக் கலந்தால், அதன்பின் எஞ்சும் பழைய ஆவி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கணக்கை முடித்துவிட்டு அவர் கேட்டார்: "ஆறு நிமிடம்தானா ஐயா?"

நாம் விடை சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். கசட்டைக் கிளறினால் அடைபட்டிருந்த ஆவி மறுபடியும் எழும். ஆகவே ஆறு நிமிடம் போதாது. விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கருவியால் அளந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உறிஞ்சு வண்டி இருக்கும்போது ஆள் இறங்கவே கூடாது என்று விளக்கினார். அந்த நேரத்தில் அவர் நம் மாணவியாக இல்லை. நம் ஆசிரியராக இருந்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்து மறுவாழ்வளிக்கும் சட்டம் 2013இல் இயற்றப்பெற்றது. காப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவது அதன்படி தண்டனைக்குரிய குற்றம். 1993 முதல் இவ்வாறு இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. ஆயினும் இறப்புச் செய்திகள் நின்றபாடில்லை. சட்டம் வேலியாகலாம், ஆள் இறங்கத் தேவையில்லாத குழாயையும் தொட்டியையும் அமைப்பது பொறியியல்தான். கேரளத்தில் இளம் பொறியாளர் சிலர் 2018இல் பாண்டிகூட் என்ற இயந்திரத்தை உருவாக்கிச் சாக்கடைக் குழிக்குள் மனிதருக்குப் பதிலாக இறக்கிக் காட்டினர். அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா? அந்தக் குழியின் ஆழம் அவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியுமே!

1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்த நாள் முதல், நம் மக்கள் அந்த வாயில்களில் நின்றிருக்கிறார்கள். சுமை தூக்க நின்றார்கள், துப்புரவுக்கு நின்றார்கள், ஒப்பந்தக் கூலிக்கு நின்றார்கள். கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை, பெங்களூரு நகரின் கழிவைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாய்ப் பொங்கும் காட்சியையும் அவர்கள் ஆற்றங்கரையில் நின்று பார்த்திருக்கிறார்கள். சவர்க்காரப் பொருள்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் அந்த நுரை எழுகிறது; அதுவும் உங்கள் பாடத்தில் உள்ளதே. குழாயின் கடைசி முனையில் நின்றவர்கள் நாம். குழாயைக் கணக்கிடும் மேசையில் நம் பிள்ளைகள் அமர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அவர்கள் அமர்ந்தால் கடைசி முனையும் கணக்கில் வரும்.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஆனால் 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு அடித்தளம் இட்டதையும், 1945இல் மத்திய நீர்வழி, பாசன, படகுப் போக்குவரத்து ஆணையம் அமையக் காரணமாக இருந்ததையும் நாம் போதிய அளவு சொல்வதில்லை. அந்த ஆணையமே இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி. ஒரு கைப்பிடி நீருக்காகப் போராடியவரே, நாட்டின் ஆறுகளைப் பொறியியலால் ஆளும் அமைப்புக்கும் வழி வகுத்தார். குளக்கரையின் உரிமையும் பொறியியலின் கணக்கும் அவருக்கு இரண்டல்ல. நமக்கும் இரண்டாக இருத்தல் ஆகாது.

முடிவாக, மாணவர்களுக்கு நான்கு சொற்கள். ஒவ்வொரு கணக்கிலும் முதலில் படம் வரையுங்கள். நீர் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று அம்புக்குறி இடுங்கள். அலகுகளை எழுதாமல் எண்ணை எழுதாதீர்கள். நம் மாணவர் தோற்ற தாளில் பாதி மதிப்பெண் மில்லிமீட்டரை மீட்டராக்க மறந்ததில் போயிற்று. விடை வந்ததும், 'இது நடக்கக்கூடியதா?' என்று உங்கள் தெருக்குழாயை நினைத்துக் கேளுங்கள். நிலுவைத் தாள் வைத்தவர்கள் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள், விடுதிக்கு வாருங்கள். நம் பழைய மாணவர் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். ஞாயிறுதோறும் மாலையில் இந்தப் பாடத்தைச் சொல்லித்தர இசைந்திருக்கிறார். தோற்றவர் சொல்லித்தரும் பாடம் எளிதில் புரியும்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நினைவாக வளைவும் கல்வெட்டும் வைக்கலாம் என்று பேசப்படுவதாக அறிகிறோம். அதற்கு முன் விடுதியில் ஒரு பேழை நிறையப் பொறியியல் நூல்கள் வையுங்கள். பாடத்திற்கு மூன்று படிகளாவது இருக்கட்டும். நாமும் நம் மாணவரும் படித்த அந்தப் பழைய புத்தகத்தை இன்று சங்கத்திற்கு அளிக்கிறோம். அதன் ஓரங்களில் இரண்டு கையெழுத்துகளைக் காண்பீர்கள். ஒன்று தெரியாத ஆசிரியருடையது, மற்றொன்று 'நமக்கு ஆகாது' என்ற மாணவருடையது. கடைசிப் பக்கத்தில் அவர் எழுதி வைத்திருக்கும் இரண்டு சொற்கள்: "நமக்கும் ஆகும்."